மேல்வீட்டுக் கூறு

தொகுதி எண் நானூற்றுப் பதினேழில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒரு கிலோ முந்நூறு கிராமுக்கு மேல் குப்பை போடுகிறார். கைக்குழந்தை உட்பட.

பாண்டிமீனாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சுற்றியுள்ள மற்றத் தொகுதிகளில் ஆளுக்கு நானூற்றைம்பது கிராமைத் தாண்டவில்லை. இவர்கள் மட்டும் அப்படி என்னத்தைத்தான் தின்று என்னத்தைத்தான் கொட்டுகிறார்கள்? எந்தத் தெரு அது என்று கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. திருநகரைத் தாண்டி, கப்பலூர் போகிற வழியில் உள்ளே திரும்பினால் வரும் சோணையா நகர். அவளே குடியிருக்கும் இடம்.

பாண்டிமீனா புள்ளியியல் படித்தவள். வயது முப்பத்தொன்று. குடிநீர்த் திட்ட அலுவலகம் ஒன்றில் ஒப்பந்த வேலை. நகரத்தின் ஓரப் பகுதிகளை அறுநூறு சின்னத் தொகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு, எத்தனை அறை, எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், எவ்வளவு குப்பை என்று வரிசையாக அடுக்கி வைப்பது அவள் பொறுப்பு. மதுரையை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். ஒருத்தனுக்கு ரெண்டு இலைச் சாப்பாடு, பக்கத்தில் இருப்பவன் பட்டினி. சராசரி போட்டால் ரெண்டு பேருமே சாப்பிட்டாயிற்று. தெருத் தெருவாகப் பிரித்தால்தான் எவன் வயிறு காய்கிறது என்பது வெளியே வரும். இதை அலுவலகத்தில் யார் காதில் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவள் வாரத்துக்கு ஒரு தடவை சொல்லிவிடுவாள்.

சோணையா நகர் வரியை மறுபடி பார்த்தாள். வீடு ஐம்பத்திரண்டு. குடும்பம் ஐம்பத்திரண்டு. ஆட்கள் இருநூற்று இருபத்தொன்று. வீட்டுக்கு ஒரே குடும்பம், ஒரே உலை. வாடகைக்கு ஒருவர்கூட இல்லை. அவளும் அவள் அம்மா முனியாயியும் ஜெயபாண்டி வீட்டு மொட்டைமாடி அறையில் ஒன்றரை வருடமாகக் குடியிருக்கிறார்கள். இந்தக் கணக்குப்படி ரெண்டு பேரும் இன்னும் பிறக்கவே இல்லை.

அன்று புதன்கிழமை. திட்டப் பொறியாளர் காசிமாயன் வறுகடலையை ஒவ்வொன்றாக வாயில் எறிந்துகொண்டு கோப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நானூத்திப் பதினேழு தப்பா இருக்கு. இருநூத்தி இருபத்தோரு பேர்ங்கிறாங்க. குப்பையை வச்சுக் கணக்குப் போட்டா அறுநூத்தி நாப்பது பேருக்கு மேல வருது.”

“குப்பையை வச்சுத் தண்ணித்தொட்டி கட்டச் சொல்றியாம்மா? மேலதிகாரி கேட்டா நான் என்ன சொல்ல? குப்பை சொல்லுச்சுய்யாங்கவா?”

“நான் அங்கதான் சார் குடியிருக்கேன். எங்க வீட்டுல மட்டும் அஞ்சு உலை எரியுது.”

காசிமாயன் நல்ல மனிதர்தான். ஆனால் ஆளுக்கு நூற்று முப்பத்தைந்து லிட்டர் என்று பெருக்குவதற்கு அவருக்கு ஒரு எண் வேண்டும், அந்த எண்ணுக்கு அடியில் கையெழுத்து வேண்டும். இருநூற்று இருபத்தொன்றைப் பெருக்கினால் முப்பதாயிரம் லிட்டர் தொட்டி. ஒரு தடவை கட்டிவிட்டால் முப்பது வருடத்துக்கு அதை யாரும் அசைக்க முடியாது.

“வீட்டுக்காரங்க கையெழுத்தோட புதுப் படிவம் கொண்டா. திங்கக்கிழமை காலையில பதினோரு மணி வரைக்கும் பட்டியலை அனுப்பாம வச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல” என்றார்.

பாண்டிமீனாவுக்கு இது வெறும் அலுவலக வேலையாக இருந்திருந்தால் பரவாயில்லை. போன வாரம்தான் ஜெயபாண்டி மாடிப்படியில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு ஒரு விஷயம் சொல்லியிருந்தார்.

“தங்கச்சி, கோவிச்சுக்கிறாதீக. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் தண்ணி வருது. அஞ்சு உலைக்கு எப்படிப் பத்தும்? புதுத்தொட்டி பெருசா வந்துச்சுன்னா பொழச்சோம். வரலைன்னா வைகாசியோட மேல்வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துருங்க.”

அந்த மாடி அறை சும்மா கிடைத்ததில்லை. கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, ஆறு மாதத்தில் ஒன்பது வீடு ஏறி இறங்கினாள். எந்த ஊர் என்பார்கள். சொன்னால், ஊரில் எந்தத் தெரு என்பார்கள். அதையும் சொன்னால், சொந்தக்காரப் பையன் திடீரென்று அந்த வீட்டுக்குக் குடிவரப் போவதாகச் சொல்வார்கள். எட்டு வீட்டிலும் எட்டுச் சொந்தக்காரப் பையன்கள். ஒன்பதாவதாக ஜெயபாண்டி ஒருவர்தான், “தண்ணியைச் சிக்கனமாப் பொழங்குவீகளா?” என்று மட்டும் கேட்டுச் சாவியைக் கொடுத்தார். கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் மனிதர். குரல்தான் பெரிசு, குணம் தங்கம். அந்த அறையை விட்டால் பத்தாவது வீட்டுக்கு எங்கே போவது? முப்பதாயிரம் லிட்டர் தொட்டி வந்தால் முதலில் இறங்குவது அவள் பெட்டிதான்.

ஆக, வியாழக்கிழமை சாயங்காலம் ஐம்பத்திரண்டு படிவங்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

சோணையா நகரில் வீட்டுக்காரர்கள் எல்லாருமே பங்காளிகள். சோணையா சாமி கோவிலைச் சுற்றியிருந்த புஞ்சையை ஒரே வகையறா பிரித்துக்கொண்டு வீடு கட்டியது. கீழே ஒருத்தர், மேலே தம்பி, அதற்கு மேலே மகன், பின்னால் ஒரு போர்ஷன் வாடகைக்கு என்று அடுக்கடுக்காக ஏற்றிவிட்டார்கள். மாடிக்கு அனுமதி வாங்கியவர் யாருமில்லை. அதனால் படிவம் என்றாலே வீட்டுவரிக்காரர் வந்து நிற்பதுபோல் எல்லாருக்கும் குலை நடுங்கும்.

“மேல யாருங்க இருக்காங்க?” என்று முதல் வீட்டில் கேட்டாள்.

“சாமான் கெடக்குத்தா. பழைய சாமான்.”

அந்த நேரம் பார்த்து மேலே சாமான் தும்மியது.

“பல்லி” என்றார் வீட்டுக்காரர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அடுத்த வீட்டில் கொடியில் நாலு அளவில் பள்ளிக்கூடச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும்தான் என்று படிவம் எழுதச் சொன்னார்கள்.

“அப்ப இந்தத் துணி?”

“பேரப்பிள்ளைக லீவுக்கு வந்திருக்குக.”

“லீவுக்கு வர்றப்ப யூனிபார்மையும் எடுத்துட்டா வந்திருக்குக?”

“நல்லாப் படிக்கிற பிள்ளைக” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் அந்த அம்மா.

கடைசியில் ஜெயபாண்டியிடம் வந்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ‘ஆயிரம் பேர் தண்ணீரின்றித் தவிக்கிறோம்’ என்று போன மாதம் மனு எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். பேனாவை வாங்கி, குடும்பம் ஒன்று, உலை ஒன்று, ஆட்கள் நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அண்ணே, ரெண்டு தம்பி வீடு, மூத்த மகன் வீடு?”

“அதெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதானே. மேல யாரும் இல்லைன்னு எழுதிக்கங்க.”

“மேல நான்தானே இருக்கேன்!”

“தெரியுமே.”

“நானே நான் இல்லைன்னு எப்படிண்ணே எழுதுறது?”

“நீங்க இருக்கீக தங்கச்சி. எழுத்துல இல்ல, அம்புட்டுத்தான். இருக்கறது வேற, எழுத்துல இருக்கறது வேற.”

“இது வரிக்கான படிவம் இல்லண்ணே. வரிங்கிற வார்த்தையே இதுல கெடையாது, பாருங்க.”

“எல்லாப் படிவமும் ராத்திரியில ஒரே பீரோவுலதான தூங்கும்?” என்றார் ஜெயபாண்டி.

சனிக்கிழமை மதியத்துக்குள் ஐம்பத்திரண்டு படிவமும் நிரம்பிவிட்டன. மாடி அறையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள். குடும்பம் ஐம்பத்திரண்டு. ஆட்கள் இருநூற்றுப் பத்தொன்பது.

முனியாயி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: “போன கணக்குல எம்புட்டு?”

“இருநூத்தி இருபத்தொண்ணு.”

“அம்புட்டுப் படிப்புப் படிச்சு, மூணு நாளா தெருத்தெருவா அலைஞ்சு, இருந்ததுல ரெண்டு பேரைக் கொறச்சுக்கிட்டு வந்திருக்க.”

முனியாயி நாற்பது வருடம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். ஒரு வயலைப் பார்த்தால் எத்தனை ஆள் இறங்க வேண்டும் என்று வரப்பில் நின்றே சொல்லிவிடுவாள். மகள் கணக்கு அவளுக்கு எப்போதும் கொஞ்சம் தமாஷ்தான். ஆனால் மகள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“போறதுன்னா போவோம்டி. வீடா இல்ல?” என்றாள். இல்லை என்பது ரெண்டு பேருக்கும் தெரியும்.

அப்போதுதான் கீழே ஜெயபாண்டியின் குரல் கிளம்பியது. போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

“என்ன பெரியப்பா, விளையாடுறீகளா? எனக்கு மூணு கூறுன்னு எழுதியிருக்கீகளாமே! எம்மவன் கல்யாணம் முடிஞ்சு தனி உலை வச்சு எட்டு மாசமாச்சு! எங்க வீட்டுல நாலு உலை எரியுது, நாலு கூறு வந்தாகணும்! சாமி முன்னாடி வந்து சத்தியம் பண்ணவா?”

படியில் நின்று கேட்ட பாண்டிமீனாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சோணையாவுக்குக் கிடாவெட்டு. பதினேழு கிடா. வெட்டின கறியைத் தேக்கிலையில் சரிசமமாகப் பிரித்து வைப்பதற்குத்தான் கூறு போடுவது என்று பெயர். உலைக்கு ஒரு கூறு என்பது இவர்கள் வகையறா வழக்கம். அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்தாலும் சோறு தனியாக வெந்தால் கூறும் தனிதான். கூறில் பேர் விடுபட்டால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஒரு துண்டு ஈரல் விழாமல் போனதற்கே போன வருடம் ரெண்டு பங்காளிகள் மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள்.

ஒரு வீடு எங்கே முடிந்து இன்னொரு வீடு எங்கே தொடங்குகிறது என்பதற்கு அலுவலகத்தில் அவள் வைத்திருக்கும் விளக்கமும் இதேதான்: ஒரே உலையில் வெந்த சோற்றை உண்பவர்கள் ஒரு குடும்பம். அரசாங்கம் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பதை இந்தத் தெரு தேக்கிலையில் வைத்திருக்கிறது.

படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே முத்திருளன் வீட்டுக்குப் போனாள்.

முத்திருளன் ஒரு காலத்தில் கறிக்கடை வைத்திருந்தவர். இருபத்தாறு வருடமாகக் கூறு போடுவது அவர்தான். அவர் கண்தான் தராசு என்று தெருவே சொல்லும். விளக்கை வைத்துக்கொண்டு பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மொத்தம் நூற்றுப் பதினெட்டுக் கூறு.

“ஐயா, இந்தப் பட்டியல்ல பொய் இருக்குமா?”

“சாமி கறிக்குப் பொய் சொல்லுவானா எவனாச்சும்? வாய் வெந்துபோகும்.”

“அப்ப இதைப் பாருங்க” என்று ஜெயபாண்டியின் படிவத்தை எடுத்து நீட்டினாள்.

முத்திருளன் அதைப் படித்துவிட்டுத் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “எங்கிட்ட நாலுங்கிறான், உங்கிட்ட ஒண்ணுங்கிறானா? அயோக்கியப்பய! வேற எவன் இப்படிப் பண்ணியிருக்கான்?”

“எல்லாருந்தான்யா. நீங்களும் ஒரு உலைன்னுதான் கையெழுத்துப் போட்டிருக்கீக.”

சிரிப்பு அடங்கியது. தன் படிவத்தை வாங்கிப் பார்த்தார். இரண்டு மகன்களும் தனியாகப் போய்ப் பத்து வருடம். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே மூன்று கூறு.

“இந்தக் கணக்கை வச்சா தொட்டி கட்டுவான்?”

“ஆமாய்யா. இருநூத்திப் பத்தொம்பது பேருக்குத்தான் தண்ணி. முப்பது வருசத்துக்கு. உங்க பேரன் கல்யாணம் முடிக்கிறப்பவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான்.”

முத்திருளன் தன் பட்டியலை மடித்து வைத்தார். பிறகு, “அந்தக் கட்டை இங்க வச்சுட்டுப் போத்தா. நாளைக்கு மைக்கு எங்கையில இருக்கும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சோணையா கோவில் வாசலில் எள் போட்டால் விழாத கூட்டம். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பங்காளிகள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். தொட்டி விஷயமாகக் கொஞ்சம் சாய்க்கலாம் என்று ஜெயபாண்டி பொறியாளர் காசிமாயனையும் விருந்துக்கு அழைத்து, பந்தலுக்கு அடியில் மின்விசிறி வைத்து உட்கார வைத்திருந்தார். வேப்பமரத்தடியில் ஈரத் தார்ப்பாய் விரித்து, தேக்கிலைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. முத்திருளன் மைக்கைத் தட்டினார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த வருசம் கூறு எம் பட்டியலை வச்சு இல்ல. நீங்களே உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போட்ட பட்டியலை வச்சு. ஒரு மனுசனுக்கு ரெண்டு கணக்குக் கெடையாது. ஜெயபாண்டி! உலை ஒண்ணு. ஒரு கூறு.”

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. ஜெயபாண்டிக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அதற்குள் அவர் மனைவி தாமரைச்செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

“என்னங்க இது? நாலு வீட்டுக்கு ஒரு கூறா? தம்பி பொண்டாட்டிமாருக்கு நான் என்னத்தைக் குடுக்க, எலும்பையா?”

“பெரியப்பா, அது தொட்டிக்கு எழுதுனது…” என்று இழுத்தார் ஜெயபாண்டி.

“தொட்டித் தண்ணியை ஊத்தித்தானே கறியை வேக வைக்கணும்? முத்திருளன், உலை ஒண்ணு. ஒரு கூறு” என்று தன் பெயரையும் வாசித்தார் கிழவர். அவர் மருமகள்கள் ரெண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பிறகு நடந்ததைச் சொல்லி முடியாது. ஐம்பத்திரண்டு வீட்டு ஆண்களும் பாண்டிமீனாவைச் சுற்றி நின்றுகொண்டு, “எனக்கு மூணு உலைத்தா, மூணு!” “எழுதுத்தா, மாடியில ரெண்டு, பின்னாடி ஒண்ணு!” என்று கத்தினார்கள். தும்மின சாமான் தம்பி குடும்பமாகி, மனைவியும் மாமியாரும் குழந்தையுமாக நாலு பேராகிவிட்டது. லீவுக்கு வந்த பிள்ளைகள் அந்த மாடியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று தெரிந்தது. பாண்டிமீனா பழைய படிவங்களை அடித்து, புதிதாக எழுதி, கையெழுத்து வாங்கினாள். நூற்றுப் பதினெட்டுக் கூறில் வெளியூர்ப் பங்காளிகள் இருபத்தேழு. திருப்பூர்க்காரர் ஒருவர் தன்னையும் எழுதச் சொல்லி அடம்பிடித்தார்.

“அண்ணே, உங்களுக்குக் கூறு உண்டு, தண்ணி கெடையாது. நீங்க திருப்பூர்ல குடிக்கிறீக” என்று அவரை ஓரமாக நிறுத்தினாள்.

தொண்ணூற்றொரு உலை. காசிமாயன் எட்டிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, நானூறு பேர் வருது. போதும்மா” என்றார்.

“போதாது சார். குப்பை இன்னும் இருக்கு.”

சொல்லிவிட்டாள். மிச்சம் யார் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். பின்கட்டில், மாடியில், தகரக் கொட்டகையில் வாடகைக்கு இருப்பவர்கள். அவர்கள் பங்காளிகள் அல்ல, அவர்களுக்குக் கூறு கிடையாது, ஆகவே அவர்களை எழுதச் சொல்லி யாரும் சண்டை போடவில்லை. கூட்டம் தரையைப் பார்த்தது. ஜெயபாண்டி வானத்தைப் பார்த்தார். கோவில் காம்பவுண்டுக்கு வெளியே முனியாயி இன்னும் சிலரோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க மேல்வீட்டை எழுதிக்க” என்றாள் தாமரைச்செல்வி. “ரெண்டு பேரு. ஒரு உலை. பெரியப்பா, அதுக்கும் ஒரு கூறு வைங்க.”

“அடியே, வாடகைக்கு இருக்கறவுகளுக்குக் கூறு வைக்கிற வழக்கம் இல்லையே” என்றார் ஜெயபாண்டி.

“வழக்கத்தையா கொடத்துல புடிக்கப் போறீக? தண்ணி வர்ற அன்னைக்கு யாரு மொதல்ல எந்திரிக்கிறது? அந்த முனியாயிம்மாதான் நம்ம கொடத்தையும் சேத்து வரிசையில வைக்கிது. நம்ம வீட்டுக்குத் தண்ணி புடிக்க ஆள் இருக்கு, கூறுன்னா ஆள் இல்லையா? எழுத்துல இல்லையாம்ல! எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா?”

முத்திருளன் இலைகளைப் பார்த்தார், கறியைப் பார்த்தார். உதடு ஏதோ முணுமுணுத்துக் கணக்குப் போட்டது.

“கூறுக்கு ரெண்டு மூணு துண்டு கொறையும். எல்லாருக்கும் கொறையும். சம்மதம்னா கையைத் தூக்குங்க” என்றார் மைக்கில்.

பெண்கள் பக்கம் சடாரென்று கைகள் எழுந்தன. குடம் தூக்கின கைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்கள் பக்கம் ஒன்று, ரெண்டு, பிறகு பாதி, பிறகு முக்கால். ஓரத்தில் நாலைந்து பேர் முறைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். போகட்டும், கூறு வாங்கத் திரும்பி வராமல் இருக்க மாட்டார்கள். ஜெயபாண்டி மனைவியின் முகத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கினார்.

இன்னும் ஐம்பத்தாறு இலை விரிந்தது. இந்தத் தடவை வீட்டுக்காரர்களே ஓடி ஓடிப் போய் வெளியே நின்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து எழுத வைத்தார்கள். எல்லா இலையிலும் துண்டு பிரித்துப் போட்டு முடிக்க மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. முத்திருளன் பட்டியலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

“ஜெயபாண்டி வீடு, மேல்வீடு. முனியாயி. ஒரு கூறு.”

முனியாயி அசையவில்லை. அவள் ஊரில் கிடாவெட்டு என்றால் அவள் தெருக்காரர்கள் கோவில் சுவருக்கு வெளியே நிற்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு யாராவது வந்து முந்தானையில் எதையாவது போடுவார்கள். பெயர் கேட்க மாட்டார்கள். முந்தானை மட்டும் போதும். அறுபத்துமூன்று வயது வரை எந்த மைக்கிலும் அவள் பெயர் வந்ததில்லை.

“யாரு? என்னையா?” என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

“முனியாயி!” என்று முத்திருளன் மறுபடி கூப்பிட்டார். “எம்புட்டு நேரம் இலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்க? வாத்தா!”

அவள் நடந்து வந்தாள். பழக்கதோஷத்தில் முந்தானையை விரித்தாள். முத்திருளன் தலையை ஆட்டிவிட்டு இலையோடு கூறை அவள் ரெண்டு கையிலும் வைத்தார். பாண்டிமீனா படிவத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் சொட்டி ஒரு எண் கரைந்துபோய்விட்டது. அதை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

காசிமாயன் விருந்துச் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு இடது கையால் கைபேசியில் பெருக்கிக்கொண்டிருந்தார். நூற்று நாற்பத்தேழு உலை. அறுநூற்று முப்பத்தெட்டுப் பேர்.

“எண்பத்தாறாயிரத்துச் சொச்சம் லிட்டர் வருது. தொண்ணூறாயிரமாப் போட்டுருவோம்” என்றவர், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “உன் குப்பை என்னம்மா சொல்லுச்சு?”

“அறுநூத்தி நாப்பத்திநாலு சார். ஆறு பேர்தான் வித்தியாசம்.”

“அடேங்கப்பா” என்று சொல்லிவிட்டு அவர் ஒரு எலும்பைக் கடித்தார்.

சாயங்காலம் ஜெயபாண்டி மாடிப்படியில் வந்து நின்று மறுபடி தலையைச் சொறிந்தார். பாண்டிமீனா வாசலுக்கு வந்தாள். எழுத்தில் ஏற்றிவிட்டாளே, பீரோவில் தூங்கும் படிவம் எழுந்து வந்துவிடும் என்று பயப்படுகிறாரோ?

“தங்கச்சி, அந்த வைகாசிப் பேச்சு…”

“சொல்லுங்கண்ணே.”

“அதை மறந்துருங்க. இனி எப்படிக் காலி பண்ணச் சொல்றது? கையெழுத்துல்ல போட்டிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டா சர்க்கார் கணக்குத் தப்பாயிரும்” என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார்.

உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. கீழே நாலு வீட்டிலும் விசில் கேட்டது. பக்கத்து மாடிகளிலும் கேட்டது. இத்தனை நாள் இல்லாத தொண்ணூற்றைந்து வீடு ஒரே நாளில் சத்தம் போட்டதுபோல் இருந்தது. முனியாயி மூடியைத் திறந்து, கரண்டியால் குழம்பை மேலும் கீழுமாகக் கிண்டினாள். துண்டு துண்டாக எடுத்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“என்னம்மா, வேகலையா?”

“வெந்ததெல்லாம் வெந்திருச்சு. நம்ம கூறுல ஈரலே விழலடி” என்றாள் முனியாயி. “அந்த முத்திருளனை அடுத்த வருசம் சும்மா விடக்கூடாது.”